மன்று கூடும் மலையூர்

நுழையும்முன்

ஊர் என்பது வீடுகளின் தொகுதி மட்டுமன்று. பொதுவானவற்றைக் கூடிப் பேசி முடிவெடுக்கும் மக்களின் அமைப்பும் ஆகும். நீலகிரி மாவட்டத்து இத்தலார் ஊராட்சியின் நிலம், வரலாறு, குடிமை வாழ்வு ஆகியவற்றின் வழியே இவ்வுண்மையை இப்பாடம் விளக்குகிறது.

நிலமும் மழையும்

உதகமண்டலத்திற்குத் தென்மேற்கே, எமரால்டு நீர்த்தேக்கத்திற்குச் செல்லும் வழியில், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரத்தில் இத்தலார் அமைந்துள்ளது. மலைச்சரிவுகளில் தேயிலையும், பள்ளத்தாக்குகளில் உருளைக்கிழங்கு, கேரட், முட்டைக்கோசு ஆகியனவும் விளைகின்றன. நீலகிரியின் சோலைக்காடுகளும் புல்வெளிகளும் மழைநீரை உறிஞ்சிச் சேமித்து, மழையற்ற மாதங்களிலும் ஓடைகளாகக் கசியவிடுகின்றன. மார்கழி, தை மாதங்களில் விழும் உறைபனி தேயிலைக் கொழுந்துகளைக் கருக்கிவிடும்.

மழையே இம்மலையின் வளம். அளவு மீறினால் அதுவே இடர். 2019 ஆகஸ்டு மாதத்தில் எமரால்டை அடுத்த அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கும் மேலாக மழை பொழிந்தது. இத்தகைய நிலத்தில் அடைப்பில்லாத வடிகாலும் வலுவான தடுப்புச்சுவரும் உயிர்காக்கும் அரண்களாகும். அவற்றை எங்கே அமைப்பது என்பதை ஊர்மக்களே நன்கறிவர்.

ஹட்டியிலிருந்து ஊராட்சிக்கு

படகர் தம் ஊரை 'ஹட்டி' என்பர். நீலகிரியை 'நாக்குபெட்டா' என்பர். தொதநாடு, பொறங்காடு, மேற்குநாடு, குந்தை என நான்கு சீமைகளாக இம்மலைநாட்டைப் பகுத்து வாழ்ந்தனர். ஊர்கவுடர் தலைமையில் பெரியோர் கூடி, வழக்குகளையும் விழாக்களையும் பற்றி முடிவு செய்தனர். பேசித் தீர்க்கும் இம்மரபு போற்றத்தக்கது. எனினும், அம்மன்றங்களில் முடிவெடுத்தோர் பெரும்பாலும் ஆண்களே என்பதையும் நாம் மறக்கலாகாது.

கோயம்புத்தூர் ஆட்சியர் ஜான் சல்லிவன் 1819இல் இம்மலைக்கு வந்தபின் மாற்றங்கள் விரைந்தன. சாமையும் கேழ்வரகும் விளைந்த நிலங்களில் உருளைக்கிழங்கும், பின்னர்த் தேயிலையும் இடம்பெற்றன. 1868இல் நீலகிரி தனி நிருவாகப் பகுதியானது. விடுதலைக்குப்பின், கொழும்புத் திட்டத்தின்கீழ்க் கனடா நாட்டின் உதவியுடன் உருவான குந்தா நீர்மின் திட்டம் இப்பகுதிக்கு அணைகளையும் சாலைகளையும் கொணர்ந்தது.

கொழுந்தும் கூட்டுறவும்

பறித்த பசுந்தேயிலையை நெடுநேரம் வைத்திருத்தல் இயலாது. அன்றே ஆலைக்கு அனுப்புதல் வேண்டும். ஒரு கிலோ தேயிலைத்தூளுக்கு நான்கு கிலோவிற்கும் மேற்பட்ட கொழுந்து தேவை. எனவே, விலை குறைவெனினும் சிறு விவசாயி காத்திருக்க முடியாது. இந்நிலையை மாற்ற எழுந்ததே கூட்டுறவு. 1962இல் குந்தாவில் முதல் கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலை தொடங்கப்பெற்றது. 1965இல் அத்தகைய தொழிற்சாலைகளின் இணையமாக 'இண்ட்கோசர்வ்' உருவானது. இத்தலாரிலும் இவ்வகைத் தொழிற்சாலை உண்டு. சோவியத் ஒன்றியம் சிதைந்தபின் ஏற்றுமதிச் சந்தை சுருங்கியது; 1990களின் இறுதியில் பசுந்தேயிலை விலை வீழ்ந்து, பல குடும்பங்கள் நலிந்தன. உற்பத்திச் செலவுக்கு ஏற்ற விலை வேண்டும் என்னும் கோரிக்கை இன்றும் தொடர்கிறது.

இதே சிக்கலைக் கடற்கரையிலும் காணலாம். நோர்வே நாட்டின் ரோஸ்ட் என்னும் தீவு நகராட்சியில் ஏறத்தாழ 500 பேரே வாழ்கின்றனர். குளிர்காலத்தில் வரும் காட் மீன்களைப் பிடித்து, உப்பிடாமல் காற்றில் உலர்த்தி விற்பதே அவர்தம் வாழ்வு. மீனும் கொழுந்துபோல் காத்திராது. 1938ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி, முதல் விற்பனையின் குறைந்தபட்ச விலையை அறுதியிடும் உரிமையை அந்நாட்டு மீனவர் விற்பனை அமைப்புகள் பெற்றன. தனியொருவர் பெறவியலாததை அமைப்பாய் நின்றோர் பெற்றனர்.

கிராம சபை

குடிநீர், தெருவிளக்கு, சாலை, வடிகால், தூய்மை ஆகியன ஊராட்சியின் அடிப்படைப் பணிகள். ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் உள்ள ஒவ்வொருவரும் கிராம சபையின் உறுப்பினர். வரவு செலவைக் கேட்கவும், பயனாளிகள் பட்டியலை ஆராயவும், தீர்மானம் கொணரவும் அவருக்கு உரிமை உண்டு. தேயிலை விலையைக் கிராம சபை அறுதியிட இயலாது. ஆனால், ஊரின் குரலைத் தீர்மானமாக்கி அரசுக்கு உணர்த்த இயலும். பழைய மன்றில் இடம்பெறாத பெண்கள் இன்று சரிபாதி இடஒதுக்கீட்டால் ஊராட்சித் தலைவராகவும் அமர்கின்றனர்.

எனினும், உரிமை ஏட்டில் இருந்தால் மட்டும் போதாது. கொழுந்து பறிக்கும் நாளில் கூலியை விட்டுக் கூட்டத்திற்கு வருதல் எளிதன்று. வராதவர் தெருவின் குழாய் பேசப்படாமலே போவதும் உண்டு. மாணவர்களே! ஓரிரு ஆண்டுகளில் நீங்களும் வாக்காளர் ஆவீர்கள். அன்று உங்கள் பெயர் பட்டியலில் மட்டுமன்றி, கிராம சபையின் வருகைப் பதிவேட்டிலும் இடம்பெறட்டும்.

தெரியுமா?

முதலாம் பராந்தக சோழனின் 919, 921ஆம் ஆண்டு உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் குடவோலை முறையை விளக்குகின்றன. தமிழ்நாட்டில் சனவரி 26, மார்ச்சு 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் கிராம சபை கூடுகிறது.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊர்க் கிராம சபையைப் பார்வையிட்டு, அங்கு எழுந்த வினாக்களைத் தொகுத்து எழுதுக.
2. உங்கள் பகுதியின் முதன்மைத் தொழிலுக்குக் கூட்டுறவு எவ்வாறு உதவும் எனக் கலந்துரையாடுக.

மதிப்பீடு

குறுவினா: மலையூரில் வடிகால் ஏன் உயிர்காக்கும் அரணாகிறது?

சிறுவினா: பசுந்தேயிலை விவசாயிக்கும் ரோஸ்ட் மீனவருக்கும் உள்ள ஒப்புமையை எழுதுக.

நெடுவினா: பழைய ஊர்மன்றத்தையும் இன்றைய கிராம சபையையும் ஒப்பிட்டுக் கட்டுரை வரைக.