பாதி ஆற்றல் எங்கே போச்சு? – ஒரு தொட்டில் வில்லின் கணக்கு



முதல் வருஷ இன்டர்னல் தேர்வில் வந்த ஒரு கேள்வியிலிருந்து ஆரம்பிக்கிறேன். செங்குத்தாகத் தொங்கும் சுருள்வில்லின் நுனியில் ஒரு நிறையை மாட்டி, கையைச் சட்டென்று எடுத்தால், வில் அதிகபட்சம் எவ்வளவு நீளும்? நான் யோசிக்கவே இல்லை. எடையும் வில்லின் விசையும் சமம் என்று போட்டு, இரண்டே வரியில் விடை எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். தாள் கைக்கு வந்தபோது அங்கே பெரிய முட்டை. சரியான விடை, நான் எழுதியதைப் போல இரண்டு மடங்கு. ஏன் என்று பக்கத்தில் இருந்தவனிடம் கேட்டேன். "எனர்ஜி மெத்தட் போடணும்டா" என்றான். சரி, போட்டால் விடை வருகிறது. ஆனால் நான் போட்டதில் என்ன தப்பு? அது மட்டும் புரியவே இல்லை.

புரிய வைத்தது எங்கள் வீட்டுத் தொட்டில்.

போன விடுமுறையில் அக்கா மூன்று மாதக் குழந்தையோடு வந்திருந்தாள். கூரைக் கொக்கியில் ஒரு சுருள்வில், அதற்குக் கீழே கட்டை, கட்டையில் அம்மாவின் பழைய பருத்திச் சேலை. தூங்கிப்போன குழந்தையை அக்கா என் கையில் கொடுத்து, "தொட்டில்ல போடுடா" என்றாள். நான் சேலைக்குள் வைத்துவிட்டு இரண்டு கையையும் சட்டென்று உருவிக்கொண்டேன். தொட்டில் விசுக்கென்று கீழே போய் மேலே வந்தது. குழந்தை வீல் என்று கத்தியது. அம்மாச்சி ஓடி வந்தார்.

"ஏண்டா, புள்ளைய அப்படியா விடுறது? கைய அடியில குடுத்து, தொட்டில் முழுசா தாங்குற வரைக்கும் கூடவே இறக்கணும். அப்புறம்தான் கைய எடுக்கணும்."

எனக்கு முட்டை விழுந்த கேள்விக்கான விடை முழுவதும் இந்த வார்த்தைகளில் இருக்கிறது. எப்படி என்று பார்ப்போம்.

அரை எங்கிருந்து வந்தது?

ஹூக் விதி எல்லோருக்கும் தெரியும். ராபர்ட் ஹூக் 1676-ல் இதை எழுத்துகளைக் கலைத்துப் போட்ட ஒரு புதிராக வெளியிட்டு, 1678-ல்தான் விடையைச் சொன்னார். விஷயம் எளிமையானது: மீட்சி எல்லைக்குள் வில் எவ்வளவு நீள்கிறதோ, அந்த அளவுக்கு அதன் விசையும் கூடும். விசை = கே × எக்ஸ். கே என்பது வில் மாறிலி, எக்ஸ் என்பது இயல்பான நீளத்திலிருந்து ஏற்பட்ட நீட்சி.

வில்லை இழுக்க நாம் செய்யும் வேலைதான் அதற்குள் மீட்சி நிலையாற்றலாகச் சேர்கிறது. வேலை என்றால் விசை × தூரம். ஆனால் இங்கே விசை ஒரே அளவில் நிற்பதில்லை. ஆரம்பத்தில் பூஜ்யம், கடைசியில் கே எக்ஸ். நேர்க்கோட்டில் ஏறுவதால் சராசரி ½ கே எக்ஸ். அதை எக்ஸ் தூரத்தால் பெருக்கினால் ½ கே எக்ஸ்². வரைபடம் போட்டால் கோட்டுக்குக் கீழே ஒரு முக்கோணம் கிடைக்கும். அதன் பரப்புதான் ஆற்றல். அந்த அரை, முக்கோணத்தின் அரை. மனப்பாடம் செய்ய வேண்டிய எண் இல்லை.

ஐந்து ஜூலில் இரண்டரையைக் காணோம்

இப்போது தொட்டிலுக்கு எண்கள் கொடுப்போம். குழந்தையின் நிறை 5 கிலோ. வில் மாறிலி மீட்டருக்கு 500 நியூட்டன். ஜி-யை 10 என்று வைத்துக்கொள்வோம். கட்டை, சேலை, வில் ஆகியவற்றின் நிறையை விட்டுவிடலாம். அவற்றைச் சேர்த்தால் எண்கள் கொஞ்சம் மாறும், கருத்து மாறாது.

எடை 50 நியூட்டன். எனவே வில் 50 ÷ 500 = 0.1 மீட்டர், அதாவது 10 செ.மீ. நீண்டு சமநிலைக்கு வரும்.

குழந்தை 10 செ.மீ. கீழே இறங்கியது. அது இழந்த ஈர்ப்பு நிலையாற்றல் 50 × 0.1 = 5 ஜூல்.

வில் சேமித்தது ½ × 500 × 0.1² = 2.5 ஜூல்.

குழந்தை அசையாமல் தூங்குகிறது, இயக்க ஆற்றலும் இல்லை. ஆற்றல் அழியாது என்று எட்டாம் வகுப்பிலிருந்தே படிக்கிறோம். அப்படியானால் மீதி 2.5 ஜூல் எங்கே போச்சு?

அம்மாச்சியின் கைக்குப் போயிற்று!

மெதுவாக இறக்கும்போது நடப்பது இதுதான். ஆரம்பத்தில் வில் நீளவே இல்லை, 50 நியூட்டனையும் கைதான் தாங்குகிறது. 5 செ.மீ. இறங்கியதும் வில் 25 தாங்கும், கை 25 தாங்கும். 10 செ.மீ. வந்ததும் வில்லே 50-ஐயும் ஏற்றுக்கொள்ளும், கைக்கு வேலை இல்லை. கையின் விசை 50-லிருந்து பூஜ்யத்துக்கு இறங்குகிறது, சராசரி 25. கை மேல்நோக்கித் தள்ள, குழந்தை கீழ்நோக்கி 0.1 மீட்டர் போகிறது. அதனால் கை செய்த வேலை கழித்தல் 2.5 ஜூல். அதாவது, கை அவ்வளவு ஆற்றலை வாங்கிக்கொண்டது. கணக்கு சரியாகிவிட்டது.

"தொட்டில் முழுசா தாங்குற வரைக்கும்" என்று அம்மாச்சி சொன்ன இடம்தான் நம் பாடப்புத்தகத்தின் சமநிலைப் புள்ளி.

கையைச் சட்டென்று எடுத்தால்

நான் செய்த காரியத்துக்கு வருவோம். கை இல்லை. அந்த 2.5 ஜூலை வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. அதனால் 10 செ.மீ. இறங்கிச் சமநிலைப் புள்ளியைத் தொடும்போது குழந்தையிடம் 2.5 ஜூல் இயக்க ஆற்றல் இருக்கிறது. ½ × 5 × வேகம்² = 2.5 என்று போட்டால், வேகம் நொடிக்கு 1 மீட்டர்.

இங்கேதான் என் தேர்வுத் தப்பு பிடிபட்டது. சமநிலைப் புள்ளியில் நிகர விசை பூஜ்யம், சரி. ஆனால் விசை பூஜ்யம் என்றால் வேகமும் பூஜ்யம் என்று நான் நினைத்துக்கொண்டேன். உண்மையில் வேகம் அதிகபட்சமாக இருப்பதே அங்கேதான்! பொருள் அங்கே நிற்காமல் தாண்டிப் போகும். எங்கே நிற்கும்? இழந்த ஈர்ப்பு நிலையாற்றல் முழுவதும் வில்லுக்குள் போய்ச் சேரும் இடத்தில்:

எம் ஜி எக்ஸ் = ½ கே எக்ஸ்²
எக்ஸ் = 2 எம் ஜி ÷ கே = 0.2 மீட்டர்

சரிபார்ப்போம். ஈர்ப்பில் இழந்தது 50 × 0.2 = 10 ஜூல். வில்லில் சேர்ந்தது ½ × 500 × 0.2² = 10 ஜூல். ஒரு ஜூல்கூடக் காணாமல் போகவில்லை. அந்தக் கீழ்ப்புள்ளியில் வில்லின் விசை 500 × 0.2 = 100 நியூட்டன். குழந்தையின் எடை 50தான், ஆனால் ஒரு கணம் வில்லும் கொக்கியும் 100 நியூட்டனைத் தாங்குகின்றன.

பிறகு தொட்டில் மேலும் கீழும் ஆடி, கடைசியில் அதே 10 செ.மீ.-ல் வந்து நிற்கும். மிச்சமிருந்த 2.5 ஜூல், காற்றிலும் வில்லிலும் சேலையிலும் கொஞ்சம் கொஞ்சமாக வெப்பமாகிப் போயிருக்கும். கை வாங்கவேண்டியதை உராய்வு வாங்கிக்கொண்டது. அவ்வளவுதான் வித்தியாசம்.

இதைச் சோதித்தும் பார்த்தேன். குழந்தையை வைத்து இல்லை, பயப்படாதீர்கள். 5 கிலோ அரிசிப் பையை வைத்து. பின்னால் சுவரில் பென்சிலால் கோடு போட்டு, மொபைலில் ஸ்லோ மோஷனில் எடுத்தேன். மெதுவாக இறக்கியபோது எவ்வளவு இறங்கியதோ, கையை உருவியபோது அதைப் போல இரண்டு மடங்குக்கு ஒரு விரல்கடை குறைவாக இறங்கியது. அந்த ஒரு விரல்கடை உராய்வின் பங்கு.

கொஞ்சம் மேலிருந்து போட்டால்

விழும் உயரம் ஒன்று சேர்ந்தால் நிலைமை இன்னும் மோசம். பையை 10 செ.மீ. உயரத்திலிருந்து தொட்டிலில் போட்டால், ஈர்ப்பு தரும் ஆற்றலில் அந்த உயரமும் சேரும்:

50 × (0.1 + எக்ஸ்) = ½ × 500 × எக்ஸ்²

இருபடிச் சமன்பாட்டைத் தீர்த்தால் எக்ஸ் சுமார் 0.273 மீட்டர். வில்லின் விசை சுமார் 137 நியூட்டன். எடையைப் போல 2.73 மடங்கு. பொதுவாகச் சொன்னால்:

பெருக்கம் = 1 + √(1 + 2 × உயரம் ÷ சமநிலை நீட்சி)

உயரம் பூஜ்யம் என்று போட்டுப் பாருங்கள். 1 + 1 = 2. கையைச் சட்டென்று எடுத்த அதே கணக்கு. ஸ்ட்ரென்த் ஆஃப் மெட்டீரியல்ஸில் கிராஜுவல் லோட், சடன் லோட், இம்பாக்ட் லோட் என்று மூன்று தனித்தனி சூத்திரம் படிப்போமே, அவை மூன்றும் இந்தத் தொட்டில்தான். கம்பியும் உத்திரமும்கூட மீட்சி எல்லைக்குள் மிக இறுக்கமான வில்கள். அதனால்தான் சடன் லோடில் தகைவு இரண்டு மடங்கு என்று எழுதுகிறோம்.

தேர்வில் விழும் மூன்று குழிகள்

ஒன்று, நான் விழுந்தது. கே எக்ஸ் = எம் ஜி என்பது பொருள் ஓய்ந்து நிற்கும் இடத்தைத் தரும். அதிகபட்ச நீட்சியைத் தராது. கேள்வியில் "மெதுவாக", "சட்டென்று" என்ற சொற்களைத் தேடி அடிக்கோடு போடுங்கள்.

இரண்டு, வித்தியாசத்தை வர்க்கப்படுத்துவது. வில் 10 செ.மீ.-லிருந்து 20 செ.மீ.-க்கு நீளும்போது கூடுதலாகச் சேர்ந்த ஆற்றல் எவ்வளவு? 10 செ.மீ. வித்தியாசம்தானே என்று ½ × 500 × 0.1² = 2.5 ஜூல் என்று எழுதினால் தப்பு. முதலில் 2.5 இருந்தது, கடைசியில் 10 இருக்கிறது. சேர்ந்தது 7.5 ஜூல். இரண்டு நீட்சிகளையும் தனித்தனியாக வர்க்கப்படுத்திய பிறகுதான் கழிக்க வேண்டும்.

மூன்று, எங்கிருந்து அளக்கிறோம் என்பதை மறப்பது. தனிச்சீரிசை இயக்கத்தில் சமநிலைப் புள்ளியிலிருந்து தூரத்தை அளந்து, ½ கே × தூரம்² என்று எழுதுவோம். அது வில்லின் ஆற்றல் மட்டும் இல்லை. வில்லின் ஆற்றல், ஈர்ப்பு நிலையாற்றல் இரண்டையும் கூட்டினால் நடுவில் வரும் உறுப்புகள் அடிபட்டு, ஒரு மாறிலி போக மிஞ்சுவதுதான் அது. ஈர்ப்பு ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டது. அதன்மேல் தனியாக எம் ஜி போட்டால் ஈர்ப்பை இரண்டு தடவை எண்ணிவிட்டோம் என்று அர்த்தம். இயல்பு நீளத்திலிருந்து அளந்தால் ஈர்ப்பைத் தனியாக எழுதுங்கள். சமநிலையிலிருந்து அளந்தால் எழுதாதீர்கள். இரண்டையும் கலக்காதீர்கள்.

கொக்கிக்கு என்ன கணக்கு?

அரிசிப் பை சோதனை முடிந்த அன்று மாலையே கூரைக் கொக்கியை அண்ணாந்து பார்த்தேன். "அஞ்சு கிலோ குழந்தைதானே, இது தாங்காதா?" என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். ஆனால் அந்தத் தொட்டிலில் ஏறுவது அந்தக் குழந்தை மட்டும் இல்லை. பெரியம்மா பையனுடைய மூன்று வயதுப் பெண் வீட்டுக்கு வந்தால் முதலில் ஓடுவது தொட்டிலுக்குத்தான். 12 கிலோ என்று வைப்போம். சும்மா தொங்கினால் 120 நியூட்டன். பொத்தென்று உட்கார்ந்தால் 240. 10 செ.மீ. எம்பிக் குதித்தால் மேலே உள்ள சூத்திரப்படி சுமார் 282. அதாவது கொக்கிக்கு 28 கிலோவைக் கட்டித் தொங்கவிட்டது போல. வில்லும் அரை மீட்டருக்கு மேல் நீள வேண்டியிருக்கும். மீட்சி எல்லையைத் தாண்டிவிட்டால் அது பழைய நீளத்துக்குத் திரும்பாது, ஹூக் விதியும் நமக்கு உதவாது.

அதனால் நாங்கள் மூன்று காரியம் செய்தோம். கொக்கியைக் கனமானதாக மாற்றினோம். சுற்றுகள் விலகி நிற்கத் தொடங்கியிருந்த பழைய வில்லைத் தூக்கிப் போட்டுப் புதியது வாங்கினோம். கொக்கியிலிருந்து கட்டைவரை, வில் வழக்கமாக நீளும் அளவுக்குத் தொய்வு விட்டு, ஒரு கெட்டியான கயிற்றையும் கட்டினோம். வில் அறுந்தாலும் தொட்டில் தரையில் விழாது.

நீங்களே போட்டுப் பாருங்கள்

இதே வில்லைச் சரிபாதியாக வெட்டி, ஒரு பாதியை மட்டும் தொட்டிலுக்கு மாட்டுகிறோம். அதே 5 கிலோ. மெதுவாக இறக்கினால், சட்டென்று விட்டால், 10 செ.மீ. மேலிருந்து போட்டால் என்ன ஆகும்?

விடை: பாதி வில்லின் மாறிலி இரண்டு மடங்கு, மீட்டருக்கு 1000 நியூட்டன். மெதுவாக இறக்கினால் 5 செ.மீ. சட்டென்று விட்டால் 10 செ.மீ., விசை முன்பு போலவே 100 நியூட்டன். ஆனால் மேலிருந்து போட்டால் பெருக்கம் 1 + √5, சுமார் 3.24. விசை 162 நியூட்டன். முன்பு 137தான் இருந்தது. வில் இறுக இறுக, விழும் பொருளின் அடி கூடும். லிஃப்ட் குழியின் அடியில் வெறும் கான்கிரீட்டோடு விடாமல் சுருள்வில் பஃபர் வைப்பது ஏன் என்று இப்போது நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

விடுமுறை முடிந்து கிளம்பும் அன்று அக்கா மறுபடியும் குழந்தையை என் கையில் கொடுத்தாள். இந்தத் தடவை கையை அடியில் கொடுத்து, கூடவே இறக்கி, கையில் பாரம் முழுவதும் போன பிறகுதான் எடுத்தேன். குழந்தை அசையவே இல்லை. அம்மாச்சி, "இப்பத்தான் படிச்ச புள்ள மாதிரி போடுற" என்றார்.