கருத்துச் சட்டகம் போடுவது எப்படி? மலைவாழையை வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

ஆய்வேட்டின் இரண்டாம் இயலில் கடைசியாக ஒரு படம் இருக்கும். நான்கைந்து பெட்டிகள், நடுவே அம்புகள், கீழே 'கருத்துச் சட்டகம்' என்று ஒரு வரி. அதன்பிறகு ஏடு முழுவதும் அந்தப் படத்தை யாரும் சீண்டியிருக்க மாட்டார்கள். வாய்மொழித் தேர்வில் வெளியிலிருந்து வந்த தேர்வாளர் அந்தப் பக்கத்தைத் திருப்பி, "இந்த அம்பு ஏன் இந்தப் பக்கம் போகிறது?" என்று கேட்கும்போதுதான் ஆய்வாளருக்கே அது ஞாபகம் வரும்.

அந்தக் கேள்விக்குப் பதில் வைத்திருப்பவருக்குச் சட்டகம் போடத் தெரியும். எதைப் பார்க்கப் போகிறோம், எதை விடப் போகிறோம், பார்ப்பவற்றுள் எது எதைப் பாதிக்கிறது என்று நினைக்கிறோம் ஆகிய மூன்றையும் களத்துக்குப் போகும் முன்பே எழுதிக் கையெழுத்துப் போடுவதுதான் சட்டகம். மூன்றில் கடினமானது நடுவில் உள்ளது. எதை விடுவது என்று முடிவு செய்ய யாருக்கும் மனம் வருவதில்லை.

இதைப் பொதுவாகச் சொன்னால் மண்டையில் ஏறாது. ஒரே ஒரு பொருளை எடுத்துக்கொள்வோம். வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் மலைக்கு ஏற இரண்டு வழி. காட்ரோடு வழி சுற்றுலாக்காரர்களுடையது. சித்தரேவு, பெரும்பாறை வழியாகத் தாண்டிக்குடிக்கு ஏறுவது காப்பிக்காரர்களுடையது. இந்தக் கீழ்ப்பழனிச் சரிவில் காப்பிக்கும் மிளகுக்கும் நடுவே நின்றது மலைவாழை. விருப்பாட்சி, சிறுமலை என்று இரண்டு வகை. இரண்டுக்கும் புவிசார் குறியீடு உண்டு. பழனிப் பஞ்சாமிர்தத்துக்குப் பேர்போனது விருப்பாட்சிப் பழம். 2019இல் அந்தப் பஞ்சாமிர்தத்துக்கும் குறியீடு கிடைத்துவிட்டது. ஆனால் சென்ற நூற்றாண்டின் பிற்பகுதியில் முடிக்கொத்து நோய் வந்து தோட்டம் தோட்டமாக வாழையைக் காலி செய்தது. மலைவாழை ஏன் குறைந்தது? இதை நோயியல் மாணவரும் கேட்கலாம், பொருளியல் மாணவியும் கேட்கலாம். இருவரும் ஒரே சட்டகத்தோடு போக முடியாது.

படி 1: தலைப்பைக் கேள்வியாக மாற்றுங்கள்

'திண்டுக்கல் மாவட்டத்தில் மலைவாழைச் சாகுபடி: ஓர் ஆய்வு' என்பதில் கேள்வியே இல்லை. எந்தச் சட்டகமும் இதில் ஒட்டும், அதனால் எதுவுமே ஒட்டாது. 'ஓர் ஆய்வு' என்று முடியும் தலைப்பைப் பார்த்ததும் அடித்துவிடலாம் என்பது என் கட்சி.

இப்படிக் கேட்டுப் பாருங்கள்: 'நோய் கண்ட வாழையைப் பிடுங்கி அழிக்கச் சொல்லியும் சில விவசாயிகள் அழிக்காமல் விடுவது ஏன்?' இதில் யாரைப் பார்க்க வேண்டும், என்ன செயலைப் பார்க்க வேண்டும் என்பது வந்துவிட்டது. பெட்டிகளில் பாதி கேள்விக்குள்ளேயே கிடக்கும்.

படி 2: கோட்பாடு வேறு, சட்டகம் வேறு

கோட்பாடு பிறர் சொன்னது, பல இடங்களில் சோதித்தது, பொதுவானது. சட்டகம் நீங்கள் உங்கள் கேள்விக்காகக் கட்டுவது. ஒரு கோட்பாட்டை அப்படியே எடுத்துக்கொண்டால் அது கோட்பாட்டுச் சட்டகம். கோட்பாடு, முந்தைய ஆய்வுகள், களத்தில் கண்டது எல்லாவற்றிலிருந்தும் வேண்டியதைப் பொறுக்கிச் சேர்த்தால் கருத்துச் சட்டகம். சில கைடுகள் இரண்டும் ஒன்றுதான் என்பார்கள். உங்கள் பல்கலைக்கழக விதிமுறை என்ன கேட்கிறது என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். சண்டை பிடிக்கிற விஷயமில்லை இது.

படி 3: உங்கள் துறை எதைப் பார்க்கப் பழகியது என்று தெரிந்துகொள்ளுங்கள்

ஒரே வாழையைத் துறைக்குத் துறை எப்படிப் பார்க்கிறார்கள் என்று வரிசையாகப் பார்ப்போம்.

பயிர் நோயியலில் பழையதும் உறுதியானதுமான சட்டகம் நோய் முக்கோணம். இடங்கொடுக்கும் பயிர், நோய்க்கிருமி, சாதகமான சூழல் மூன்றும் கூடினால்தான் நோய். முடிக்கொத்து நோய்க்கு நான்காவதாக ஒன்றைச் சேர்க்க வேண்டும்: வாழை அசுவினி. நோயை உண்டாக்கும் வைரஸைச் செடிக்குச் செடி கொண்டு போவது இந்தப் பூச்சி. ஊருக்கு ஊர் கொண்டு போவது நோயுள்ள கன்றைத் தோண்டிக் கொடுக்கும் மனிதக் கை. மண்ணாலும் வெட்டரிவாளாலும் பரவுவதில்லை. ஆகவே இந்தச் சட்டகத்தில் 'மண் வளம்' என்று ஒரு பெட்டி போட்டால், அது ஏன் அங்கே இருக்கிறது என்று நீங்கள்தான் விளக்க வேண்டும்.

பொருளியலும் வணிகவியலும் படித்தவர்கள் மதிப்புச் சங்கிலியை எடுப்பார்கள். மைக்கேல் போர்ட்டர் 1985இல் ஒரு நிறுவனத்துக்காகச் சொன்ன கருத்து இது. பிற்பாடு தோட்டத்திலிருந்து கடை வரை நீட்டிக்கொண்டார்கள். விலை தார் கணக்கிலா, காய்க் கணக்கிலா, எடையிலா? மண்டிக்காரர் முன்பணம் கொடுத்திருக்கிறாரா? கழிவு யார் தலையில் விழுகிறது? நோய் இங்கே ஒரு செலவு, அவ்வளவுதான்.

சமூகப் பணி, ஊரக வளர்ச்சி மாணவர்கள் பெரும்பாலும் வாழ்வாதாரச் சட்டகத்துக்குப் போகிறார்கள். காந்திகிராமக் கிராமியப் பல்கலைக்கழகம் பக்கத்திலேயே இருப்பதால் இந்த வட்டாரத்தில் இது பழகிய பெயர். ராபர்ட் சேம்பர்ஸும் கார்டன் கான்வேயும் 1992இல் எழுதியது இதன் அடிப்படை. சேம்பர்ஸ் அதற்கு முன் 1970களில் நம் வட ஆர்க்காட்டில் களப்பணி செய்தவர். 1999இல் பிரிட்டன் அரசின் வளர்ச்சித் துறை இதை ஐந்து மூலதனங்களாக வரைந்து பரப்பியது: மனிதம், இயற்கை, நிதி, பௌதிகம், சமூகம். குடும்பத்தின் கையில் என்ன இருக்கிறது, வாழை போனபோது எதை வைத்துச் சமாளித்தது என்று கேட்க இது நல்ல கருவி. இதன் குறை, எல்லாவற்றுக்கும் இடம் கொடுப்பது. ஐந்து பெட்டியையும் நிரப்பியே தீர்வேன் என்று இறங்கினால் வினாப்பட்டியல் பெருத்துவிடும். பதில் சொல்கிறவர் பாதியில் காப்பிக் களத்துக்குக் கிளம்பிவிடுவார்.

விரிவாக்கக் கல்வியில் எவரெட் ரோஜர்ஸ். 1962இல் வந்த புதுமைப் பரவல் நூல் அவருடையது. திசு வளர்ப்பு முறையில் உருவாக்கிய நோயில்லாத கன்றை ஒருவர் வாங்குவாரா என்பதை ஐந்து தன்மைகளால் பார்க்கலாம்: பழையதைவிட லாபமா, தன் பழக்கத்துக்கு ஒத்துவருமா, சிக்கலானதா, கொஞ்சம் போட்டுப் பார்க்க முடியுமா, பலன் கண்ணுக்குத் தெரியுமா. இதில் ஓர் ஓரம் இருக்கிறது: புதுமை நல்லது, ஏற்காதவர் பின்தங்கியவர் என்கிற சாய்வு. காசு கொடுத்துக் கன்று வாங்கி நட்டு, பக்கத்துத் தோட்டத்திலிருந்து அசுவினி பறந்து வந்தால் என் பணம் என்ன ஆவது என்று யோசிக்கிற விவசாயி பின்தங்கியவர் இல்லை. கணக்குத் தெரிந்தவர்.

அந்தக் கணக்கைப் பிடிக்கத்தான் எலினர் ஆஸ்ட்ரம் வேண்டும். பொதுவளங்களை மக்கள் தாமே எப்படிக் காக்கிறார்கள் என்று 1990இல் எழுதினார். எட்டு நெறிகள் சொன்னார். 2009இல் பொருளியல் நோபல் பெற்ற முதல் பெண் ஆனார். வாழை தனியார் சொத்து. நோயில்லாத சரிவு பொதுச் சொத்து. ஒருவர் அழிக்காமல் விட்டால் எல்லோர் உழைப்பும் வீண். அப்படிப் பார்த்தால் கேள்வியே மாறுகிறது: யார் கண்காணிப்பது, மீறியவரை யார் கேட்பது?

இங்கே அவசரப்பட்டு 'ஊர்க் கட்டுப்பாடு' என்று ஒரு பெட்டி வரைந்து அதிலிருந்து நல்ல விளைவுக்கு அம்பு விட்டுவிடாதீர்கள். தென் தமிழகத்துக் கண்மாய்களை ஆராய்ந்த டேவிட் மோஸ், 2003இல் வந்த தம் நூலில், நீர் நிர்வாகம் சாதி அதிகாரத்தோடும் அரசோடும் எப்படிப் பின்னிக் கிடந்தது என்று காட்டினார். ஊர் கூடிச் செய்தது என்றால் ஊரில் யார் கூடினார்கள் என்று கேட்டுவிட்டுப் பெட்டி போடுங்கள்.

படி 4: பெட்டி ஒவ்வொன்றுக்கும் களத்தில் ஓர் அடையாளம்

பெட்டிக்குள் எழுதிய சொல்லைக் களத்தில் எப்படிக் காண்பீர்கள்? 'விழிப்புணர்வு' என்று எழுதிவிடுவது சுலபம். "முடிக்கொத்து நோய் பற்றித் தெரியுமா?" என்று கேட்டால் எல்லோரும் தெரியும் என்பார்கள். வந்த பிள்ளையை ஏமாற்ற மனமிருக்காது.

வேறு மாதிரி செய்யலாம். முற்றிய நோய் யாருக்கும் தெரியும்: இலைகள் குறுகி, விறைத்து, உச்சியில் கொத்தாக நிற்கும். தொடக்க நிலையில் இலைக்காம்பிலும் நடுநரம்பிலும் கரும்பச்சையாகப் புள்ளியும் கோடும் மாறி மாறி ஓடும். அந்தக் காம்பின் தெளிவான படம் ஒன்று, வெறும் சத்துக்குறை இலையின் படம் ஒன்று, நல்ல இலையின் படம் ஒன்று எடுத்துப் போங்கள். "அண்ணே, இதுல எந்த மரத்தைப் பிடுங்குவீங்க?" என்று மட்டும் கேளுங்கள். சரியான படத்தைத் தொட்டாரா, இல்லையா என்பதுதான் 'நோயறியும் திறன்'. விழிப்புணர்வு என்ற பெட்டியை அழித்துவிட்டு இதை எழுதுங்கள். அளக்க முடியாத பெட்டி படத்தில் இருக்கக் கூடாது. பண்புசார் ஆய்வு என்றால் அளக்க வேண்டாம். எந்தப் பேச்சில், எந்தச் செயலில் அதைக் கண்டுகொள்வீர்கள் என்று எழுதினால் போதும்.

படி 5: அம்பை எதிர்ப்பக்கம் திருப்பிப் பாருங்கள்

அம்பு என்றால் ஒரு வாக்கியம். 'கடன்' பெட்டியிலிருந்து 'அழிக்காமை' பெட்டிக்கு அம்பு போனால், 'கடன் உள்ளவர் நோய் வாழையை அழிக்கத் தயங்குகிறார்' என்று பொருள். இப்போது திருப்புங்கள்: அழிக்காமல் விட்டதால் விளைச்சல் போய், அதனால் கடன் வந்ததா? ஒரே நாளில் எடுத்த வினாப்பட்டியலில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். எது முன், எது பின் என்று காட்டத் தரவு இல்லையென்றால் அம்பின் தலையை நீக்கி வெறும் கோடாக வரையுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அம்பு பொய்த்துப் போவதும் ஒரு முடிவுதான். கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் 1909இல் ஜான் எவர்ஷெட் செய்தது இதுதான். சூரியப் புள்ளிகளில் வாயு சுழல் போலச் சுற்றுகிறது என்ற எண்ணம் அப்போது வலுவாக இருந்தது. எவர்ஷெட் நிறமாலைக் கோடுகளின் விலகலை அளந்தார். புள்ளி சூரிய வட்டின் நடுவிலிருந்து தள்ளி இருக்கும்போது, விளிம்புப் பக்கம் சிவப்பை நோக்கியும் நடுப்பக்கம் நீலத்தை நோக்கியும் விலகல் இருந்தது. சுற்றவில்லை, புள்ளியின் மையத்திலிருந்து வெளிப்பக்கமாகப் பாய்கிறது. இன்றும் உலகம் அதை எவர்ஷெட் விளைவு என்கிறது. எது கிடைத்தால் சுழல், எது கிடைத்தால் பாய்ச்சல் என்று பிரித்தறியும்படி அளந்ததால்தான் சுழலைக் கைவிட முடிந்தது. உங்கள் படத்தில் உள்ள ஒவ்வொரு அம்புக்கும் பக்கத்தில், 'என்ன கிடைத்தால் இதை அழிப்பேன்' என்று பென்சிலால் எழுதி வையுங்கள்.

படி 6: இலக்கியம் படிப்பவர்கள் கவனத்துக்கு

அம்பும் பெட்டியும் நமக்கெதற்கு என்று தமிழ் இலக்கிய மாணவர்கள் நினைக்கிறார்கள். முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என்று தொல்காப்பியம் வகுத்த திணைமுறையைவிடக் கட்டுக்கோப்பான கருத்துச் சட்டகம் எங்கே இருக்கிறது? நிலமும் பொழுதும், அங்குள்ள உயிரும் பொருளும், மனித ஒழுக்கமும் எப்படி இணைகின்றன என்று அது தெளிவாகச் சொல்கிறது.

வத்தலக்குண்டு சி.சு. செல்லப்பாவின் 'வாடிவாசல்' நாவலுக்கு அதைப் போட்டுப் பாருங்கள். ஏறு தழுவுதல் முல்லைக்கு உரியது. கலித்தொகையின் முல்லைக்கலியில் விரிவாக வருகிறது. ஆகவே வாடிவாசல் முல்லைத் திணை நாவல் என்று எழுதி முடித்துவிடுவார்கள். முல்லைக்கலியில் காளையை அடக்கியவனுக்குப் பெண் கிடைக்கும். வாடிவாசலில் பிச்சி வருவது தகப்பனைக் கொன்ற காளையைத் தேடி. காளைக்குப் பின்னால் நிற்பது ஜமீன்தாரின் கௌரவம். கருப்பொருள் ஒத்துவருகிறது, உரிப்பொருள் ஒத்துவரவில்லை. அந்த ஒவ்வாமையிலிருந்துதான் கட்டுரை தொடங்க வேண்டும். பொருந்தியதை மட்டும் பட்டியல் போடுவது வேலையே இல்லை.

படி 7: இரண்டு துறையைக் கலக்கும்போது அலகைப் பாருங்கள்

பல்துறை ஆய்வு என்று இப்போது எல்லோரும் கேட்கிறார்கள். ரோஜர்ஸையும் ஆஸ்ட்ரமையும் ஒரே படத்தில் வைக்க ஆசை வரும். வைக்கலாம். ரோஜர்ஸுக்கு அலகு தனி விவசாயி, ஆஸ்ட்ரமுக்கு அலகு கூட்டம், நோய் முக்கோணத்துக்கு அலகு செடி அல்லது தோட்டம், மதிப்புச் சங்கிலிக்கு அலகு ஒரு பரிவர்த்தனை. தனி விவசாயிகளிடம் தரவு எடுத்துவிட்டுச் சரிவு முழுவதையும் பற்றி முடிவு சொல்ல முடியாது. படத்தில் செடி, தோட்டம், சரிவு, சந்தை என்று நான்கு கிடைக்கோடு போட்டு, பெட்டிகளை அந்தந்த வரிசையில் வையுங்கள். ஒரு வரிசையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் அம்புகளுக்குத் தனியாகத் தரவு வேண்டும். அந்தத் தரவை எங்கே எடுப்பது என்று தெரியாத அம்புகளை அழித்துவிடுங்கள். மிஞ்சுவது சிறிய படமாக இருக்கும். மூன்று ஆண்டில் முடிக்கக்கூடியதாகவும் இருக்கும்.

படி 8: முன்னோட்டம், திருத்தம், இடம்

பெரிய கள ஆய்வுக்கு முன் சில தோட்டங்களில் மட்டும் போய் வாருங்கள். நீங்கள் எதிர்பாராத ஒன்று, இரண்டு மூன்று பேர் வாயிலிருந்து வரும். 'காட்டுமாடு வந்து கன்றைத் தின்கிறது, வாழையை யார் வைப்பது' என்று சொல்லலாம். 'வேலைக்கு ஆள் இல்லை' என்று சொல்லலாம். அது உங்கள் கேள்விக்குள் வருமானால் பெட்டி சேருங்கள். வராதென்றால், 'இந்த ஆய்வு எடுத்துக்கொள்ளாதவை' என்று ஒரு பத்தி எழுதிக் காரணம் சொல்லுங்கள். தேர்வாளர்கள் அந்தப் பத்தியைத்தான் முதலில் படிப்பார்கள்.

ஒவ்வொரு திருத்தத்தையும் தேதி போட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஏட்டில் படம் இருமுறை வரட்டும்: இரண்டாம் இயலின் முடிவில் நீங்கள் நினைத்தபடி, விவாத இயலில் தரவு காட்டியபடி. நிலைத்த அம்பு தடித்த கோடு, நிலைக்காதது விட்டுவிட்ட கோடு, புதிதாக வந்தது இரட்டைக் கோடு. படத்தின் கீழேயே எந்தக் கோடு எதைக் குறிக்கிறது என்று எழுதிவிடுங்கள்; அச்சடிக்கும்போது நிறம் கைவிட்டுவிடும்.