வீட்டுச் சாப்பாட்டுக்கு 10 சென்ட் கேழ்வரகு

பள்ளிப்பட்டு வட்டாரத்தில் முன்பெல்லாம் ஏர் ஓட்டப் போகிறவருக்குக் காலையில் கேழ்வரகுக் கூழ். மதியம் களியும் கீரைக் குழம்பும். கேவுருக் களி என்று நாம் சொல்வதை ஆந்திர எல்லைக்கு அந்தப் பக்கம் ராகி சங்கட்டி என்பார்கள். இன்று பல வீடுகளில் மூன்று வேளையும் நன்றாகத் தீட்டிய வெள்ளை அரிசிதான். வயிறு நிறைகிறது, உடம்புக்கு வேண்டிய சத்து சேர்வதில்லை.

குன்னூர் ஆராய்ச்சி

தீட்டிய அரிசியின் குறையை நம் மாநிலத்திலேயே ஆராய்ந்திருக்கிறார்கள். 1918-ல் குன்னூரில் ராபர்ட் மக்காரிசன் என்ற மருத்துவர் பெரிபெரி நோய் பற்றிய ஆராய்ச்சியைத் தொடங்கினார். தவிட்டில் உள்ள பி1 வைட்டமின் குறைவதால் வரும் நோய் அது. பிறகு அவர் பல பகுதி மக்களின் உணவை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். முழுக் கோதுமை ரொட்டி, பால், பருப்பு, காய்கறி தின்றவை நன்கு வளர்ந்தன. பெரும்பாலும் அரிசியையே தின்றவை மெலிந்து நோயுற்றன. அந்த ஆய்வுக்கூடமே 1958-ல் ஐதராபாத்துக்கு மாறி, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது.

சத்துக் கணக்கு

அந்த நிறுவனம் 2017-ல் வெளியிட்ட அட்டவணைப்படி, 100 கிராம் கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்து 364 மில்லிகிராம். தீட்டிய பச்சரிசியில் சுமார் 7 மில்லிகிராம் மட்டுமே. இரும்புச் சத்து கேழ்வரகில் 4.6 மில்லிகிராம், பச்சரிசியில் 1 மில்லிகிராம்கூட இல்லை. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 100-க்கு 53 பேருக்கு இரத்தசோகை. நம் வீட்டுப் பெண்களும் இக்கணக்கில் அடக்கம் என்பதை மறக்கக் கூடாது.

10 சென்ட் போதும்

வாரம் 2 கிலோ வீதம் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்குச் சுமார் 100 கிலோ தேவை. இறவையில் நன்கு கவனித்தால் 10 சென்டில் இது கிடைக்கும். நாற்று விட 200 கிராம் விதை போதும். 18 முதல் 20 நாள் நாற்றை, வரிசைக்கு வரிசை 22.5 செ.மீ., குத்துக்குக் குத்து 10 செ.மீ. இடைவெளியில், குத்துக்கு 2 நாற்றாக நடவும். நெல்லைவிடத் தண்ணீர் குறைவாகவே பிடிக்கும். நன்கு காயவைத்த தானியம் பூச்சி அரிக்காமல் நெடுநாள் இருக்கும். மாவை மட்டும் அவ்வப்போது தேவைக்கு அரைத்துக் கொள்ளவும்.

சமையலில் கவனிக்க வேண்டியவை

மாவைச் சலித்துத் தவிட்டை எறிய வேண்டாம். கேழ்வரகை ஊறவைத்து முளைகட்டி, காயவைத்து அரைத்தால் இரும்புச் சத்து உடம்பில் நன்றாகச் சேரும். நெல்லிக்காய், எலுமிச்சை சேர்ப்பதும் இதற்கு உதவும். சாப்பிட்ட உடனே டீ குடிப்பது அதைக் கெடுக்கும். களியோடு முருங்கைக் கீரை, பருப்பு, வேர்க்கடலைத் துவையல் சேர வேண்டும். அரிசி உண்ணும் வேளையில் புழுங்கல் அரிசி நல்லது. நெல்லை வேகவைக்கும்போது பி1 சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது.

கேழ்வரகு மருந்து அல்ல. சர்க்கரை நோய் உள்ளவர்கள் களியையும் அளவோடுதான் உண்ண வேண்டும். மாத்திரையை நிறுத்தக் கூடாது. இரத்தசோகை உள்ளவர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டிக் கொள்ள வேண்டும்.

கரும்பும் நெல்லும் விற்பனைக்கு இருக்கட்டும். அடுத்த பட்டத்தில் கிணற்றோரம் 10 சென்ட் மட்டும் வீட்டுக்கென்று ஒதுக்குங்கள்.