உடைக்கேற்ற சைக்கிள்

கேள்வி: கிருஷ்ணகிரி பக்கத்துக் கிராமத்துப் பெண் நான். கல்யாணமாகி பொம்மனஹள்ளிக்கு வந்தேன். ஓசூர் ரோட்டுக்கு அந்தப் பக்கம், எச்.எஸ்.ஆர். லேஅவுட்டில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் வேலை. வீட்டிலிருந்து நாலு கிலோமீட்டர்தான். ஆனாலும் ஆட்டோவுக்கும் பஸ்ஸுக்கும் காத்திருந்தே காலை போய்விடுகிறது. பிளஸ் ஒன்னில் அரசாங்கம் கொடுத்த சைக்கிளில்தான் பள்ளிக்கூடம் போனேன். திரும்ப ஓட்ட ஆசையாக இருக்கிறது. ஆபீஸுக்குச் சேலை, இல்லாவிட்டால் சுடிதார்தான். இங்கே சைக்கிளில் போகிறவர்கள் உடம்பை ஒட்டிய பந்தய உடுப்பில் போகிறார்கள்; அது எனக்கு வேண்டாம். வியர்த்து, கசங்கிப் போய் ஆபீஸில் நிற்கவும் கூடாது. மாமியாரோ, “ஸ்கூட்டி வாங்கலாமே, சைக்கிளில் போனால் பார்க்கிறவர்கள் என்ன சொல்வார்கள்?” என்கிறார். மாசியிலேயே தொடங்கலாமா? எந்த சைக்கிள், எந்த வழி?

— ஒரு வாசகி, பொம்மனஹள்ளி

பதில்: தாராளமாகத் தொடங்குங்கள், சேலையிலேயே. சைக்கிளுக்காக உங்கள் உடையை மாற்ற வேண்டாம். உங்கள் உடைக்கு ஏற்ற சைக்கிளை வாங்குங்கள். பெங்களூரில் பலர் ஆசையாக சைக்கிள் வாங்கி, ஒரே மாதத்தில் பால்கனியில் நிறுத்திவிடுவதற்கு இதைத் தலைகீழாகச் செய்வதுதான் காரணம் என்பது என் கருத்து.

இன்று கடைக்குப் போனால் முதலில் காட்டுவது தடித்த டயரும் முன்பக்க ஸ்பிரிங்கும் வைத்த மலைச் சைக்கிளைத்தான். அதில் மட்கார்டு இருக்காது, செயின் கவர் இருக்காது, கேரியரும் இருக்காது. காட்டுப் பாதைக்கு அது சரி. ஆபீஸ் போகிறவருக்கு முதல் நாளே துப்பட்டாவில் கிரீஸும் முதல் மழையில் முதுகு நெடுகச் சேறும்தான் மிச்சம். நீங்கள் கேட்க வேண்டியது சாதாரண லேடீஸ் சைக்கிள்: முன்னால் குறுக்குக் கம்பி இல்லாமல் தாழ்ந்த சட்டம், செயினை முழுக்க மூடிய கவர், இரண்டு மட்கார்டு, பின்சக்கரத்தின் இருபுறமும் சாரி கார்டு, கேரியர், முன்னால் கூடை, ஸ்டாண்டு, நல்ல சத்தமுள்ள பெல். பத்தாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும். கியர் வேண்டியதில்லை. உங்கள் வழியில் மேடு வந்தால் இறங்கித் தள்ளுங்கள், அதில் ஒரு குறைவும் இல்லை.

2006-இல் மிகேல் கோல்வில்-ஆண்டர்சன் என்பவர் கோபன்ஹேகன் தெருவில் சைக்கிளோடு நின்ற ஒரு பெண்ணைப் படம் எடுத்தார். அதன்பின் கோட்டு, பாவாடை, குதிகால் செருப்பு என்று அன்றாட உடையிலேயே சைக்கிளில் போகிறவர்களைத் தொடர்ந்து படம்பிடித்து வெளியிட, உலகம் முழுக்க அது ஒரு பாணியாகப் பேசப்பட்டது. அந்த ஊர்ச் சைக்கிள்களை உற்றுப் பாருங்கள். செயின் கவர், மட்கார்டு, ஸ்டாண்டு, கூடை, பெல் எல்லாம் இருக்கும். நம் அப்பாக்கள் ஓட்டிய வண்டியிலும், 1949-இல் அம்பத்தூரில் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் போன்ற ஆலைகளிலிருந்து வந்த வண்டிகளிலும் இதெல்லாம் கூடவே வந்தது. நாகரிகம் என்று நினைத்து நாம்தான் ஒவ்வொன்றாகக் கழற்றிப் போட்டோம்.

சேலை விஷயத்துக்கு வருகிறேன். வழக்கமாக நாம் கட்டும் கட்டில் கொசுவ மடிப்பு இடப்பக்கம் பார்த்து விழும். சைக்கிளின் செயின் இருப்பதோ வலப்பக்கம். அதனால் பலரும் பயப்படுவதுபோல் கொசுவம் செயினில் மாட்டுவது அரிது. உண்மையான ஆபத்து முந்தானை. அது இடது தோளிலிருந்து பின்னால் தொங்கி, பின்சக்கரத்துக்குள் போகப் பார்க்கும். முந்தானையை முதுகைச் சுற்றி வலப்பக்கம் கொண்டுவந்து இடுப்பில் இறுக்கமாகச் செருகுங்கள். தோளில் ஒரு பின், இடுப்பில் ஒரு பின் போதும். சேலையைக் கணுக்காலுக்கு நாலு விரற்கடை மேலே ஏற்றிக் கட்டுங்கள். ஆபீஸ் போய்த் தளர்த்திக்கொள்ளலாம். உள்ளே, இப்போது எல்லோரும் வாங்கும் உடம்பை ஒட்டிய ஷேப்வேர் வேண்டாம், முழங்கால் சுழலவே இடம் தராது. அம்மா காலத்து அகலமான பருத்திப் பாவாடைதான் சரி. அதற்குள் முழங்கால்வரை ஒரு பருத்திக் கால்சட்டை போட்டுக்கொண்டால் காற்றைப் பற்றிக் கவலை இல்லை. துணியில் என் ஓட்டு மதுரைச் சுங்குடிக்கு. லேசான பருத்தி, வியர்வையை இழுக்கும், கொஞ்சம் கசங்கினாலும் அழகு குறையாது. வழுக்கும் சின்தெடிக் சேலையைச் சைக்கிள் நாளில் தவிருங்கள்.

சுடிதார் இன்னும் சுலபம். துப்பட்டாவைப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் போடுவதுபோல் குறுக்கே போட்டு இடுப்பில் முடிச்சிடுங்கள். அனார்கலி மாதிரி நீண்டு விரியும் டாப்ஸ் என்றால் ஓரத்தைச் சுருட்டி ஒரு கிளிப் போடுங்கள். தலைமுடியைத் தாழ்வாகப் பின்னினால் ஹெல்மெட் நன்றாக உட்காரும். சைக்கிளுக்கு ஹெல்மெட் சட்டப்படி கட்டாயமில்லை. ஆனாலும் ஓசூர் ரோட்டைத் தொடுகிற யாரும் போடாமல் போகக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். மல்லிகைப் பூவைக் கூடையில் ஈரத்துணியில் வைத்துக்கொண்டு போய், அங்கே சூடிக்கொள்ளுங்கள்.

வியர்வைக்குப் பாதிக் காரணம் முதுகில் மாட்டிய பை. பையைக் கூடையிலோ கேரியரிலோ போடுங்கள், முதுகு காய்ந்தே இருக்கும். மீதி வேகம். மணிக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் போதும். நாலு கிலோமீட்டருக்கு இருபது நிமிஷம், சிக்னலுக்கு இன்னும் ஐந்து. அந்த வேகத்தில் போகிறவர் நடந்து வந்தவரைப் போலத்தான் போய்ச் சேருவார். கடைசித் தெருவில் மெதுவாக மிதியுங்கள், மூச்சு அடங்கட்டும்.

மாசியில் தொடங்குவதைப் பற்றி. சுமார் 920 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஊர் என்பதால் இங்கே பிப்ரவரி, மார்ச் காலைகள் குளிர்ச்சியாகவே இருக்கும், மழையும் குறைவு. 1908-இல் லால்பாக்குக்கு வந்த க்ரும்பிகல் என்ற ஜெர்மானியத் தோட்டக்கலை நிபுணர், ஒரு மரம் பூத்து ஓயும்போது அடுத்தது பூக்கிற மாதிரி இந்த ஊருக்கு மரங்களைத் தேர்ந்தெடுத்தார். அந்த வரிசை இன்னும் தொடர்கிறது. முதலில் இளஞ்சிவப்பு டபேபுயா, பிறகு மஞ்சள், பிறகு ஊதா ஜகரண்டா, அதையடுத்துப் புங்கை. காரின் கண்ணாடிக்குள்ளிருந்து இந்த வரிசை முழுதாகத் தெரியாது, சைக்கிள் வேகத்தில் தெரியும். ஆனால் ஏப்ரலை நம்பாதீர்கள். 2024 ஏப்ரல் கடைசியில் வெப்பம் 38 டிகிரியைத் தாண்டியது. மாசி, பங்குனியில் உடம்பைப் பழக்கிவிட்டால், சித்திரையில் அரை மணி முன்னதாகக் கிளம்பிச் சமாளிக்கலாம். கோடையின் முதல் மழையன்று மட்டும் கவனம் வேண்டும். மாதக்கணக்கில் ரோட்டில் சொட்டிய எண்ணெய் மேலே மிதக்கும், விழுந்து நனைந்த பூவும் வழுக்கும். திருப்பத்தில் பிரேக்கை அழுத்தாதீர்கள். சீட்டுக்கு ஒரு பிளாஸ்டிக் பை கைவசம் இருக்கட்டும்.

வழி விஷயத்தில் உங்களிடம் ஒளிக்க ஒன்றுமில்லை. பெங்களூர் சைக்கிளுக்கு உகந்த ஊராக இன்னும் ஆகவில்லை. ஆக முயன்ற ஊர் இது, அந்த முயற்சி உங்கள் வாசல்வரை வந்தது. நகர்ப்புறத் தரைவழிப் போக்குவரத்து இயக்ககம் 2013-இல் கப்பன் பூங்காவில் சைக்கிள் தினத்தைத் தொடங்கியது. 2020-இல் சில்க் போர்டிலிருந்து லௌரி சந்திப்புவரை வெளிவட்டச் சாலையில் 17 கிலோமீட்டருக்குத் தடுப்புக் கட்டை நட்டு சைக்கிள் தடம் அமைக்கத் திட்டமிட்டு வேலையும் தொடங்கினார்கள். கட்டைகள் உடைந்தன, மோட்டார் வண்டிகள் உள்ளே புகுந்தன, மெட்ரோ வேலையும் வந்து சேர்ந்தது. அந்தத் தடம் திரும்ப வர வேண்டும், இந்த முறை இரும்பும் சிமென்டும் வைத்து வர வேண்டும். பெயின்ட் கோடும் பிளாஸ்டிக் கட்டையும் ஒரு பெண்ணை லாரியிடமிருந்து காப்பாற்றாது.

அதுவரை, ஓசூர் ரோட்டின் நெடுக ஓட்டாதீர்கள். எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்தில் ஏறி இறங்குகிற வண்டிகள் உங்களைக் கவனிக்கிற மனநிலையில் இருக்காது. உங்களுக்கு அந்த ரோட்டைக் குறுக்கே கடப்பது மட்டும்தான் வேலை. சிக்னலில் இறங்கி, நடந்து போகிறவர்களோடு தள்ளிக்கொண்டு கடந்துவிடுங்கள். எச்.எஸ்.ஆருக்குள் போய்விட்டால் கவலை பாதியாகக் குறையும். செக்டார் செக்டாராகப் பிரித்த ஊர் என்பதால் ஒவ்வொரு பெரிய மெயின் ரோட்டுக்கும் இணையாக அமைதியான குறுக்குத் தெருக்கள் உண்டு. 27-ஆம் மெயினில் ஹோட்டலும் கடையும் பார்க்கிங்குமாக இருக்கும், அதை விட்டு ஒரு தெரு உள்ளே போங்கள். நிறுத்தியிருக்கும் கார்களிலிருந்து ஒரு கதவு அகலம் தள்ளியே ஓட்டுங்கள். பின்னால் ஹார்ன் அடித்தாலும் ஓரத்துக்கு ஒதுங்கிப் போகாதீர்கள்.

நாளைக்கு வேலை எலக்ட்ரானிக் சிட்டிக்கு மாறினால் மெட்ரோ இருக்கிறது. ஆர்.வி. ரோட்டிலிருந்து பொம்மசந்திரா போகும் மஞ்சள் தடம் 2025 ஆகஸ்டில் திறந்தது, பொம்மனஹள்ளியிலேயே ஸ்டேஷன். மடக்கும் சைக்கிளை உள்ளே அனுமதிக்கிறார்கள். ஆனால் அளவுக் கட்டுப்பாடு உண்டு, மடக்கியபின் எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று கடையிலேயே அளந்து பாருங்கள்.

மாமியாரைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அவர் சொல்வதில் அக்கறையும் இருக்கிறது, மானப் பிரச்சினையும் இருக்கிறது. அக்கறைக்கு ஹெல்மெட்டும் பின்விளக்கும் போதும். மானத்துக்குப் புதுக்கோட்டையைச் சொல்லுங்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது, அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு சைக்கிளையும் சேர்த்துக் கற்றுக்கொடுத்தது. வயல் வேலை செய்கிறவர்கள், கல் குவாரித் தொழிலாளிகள், பால்வாடி ஊழியர்கள், நர்சுகள் என்று ஆயிரக்கணக்கான பெண்கள் சேலையில்தான் கற்றார்கள். லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்தபோது ஜென்ட்ஸ் சைக்கிளையே எடுத்தார்கள். நடுக் கம்பியில் குழந்தையை உட்கார வைக்க வசதி என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. தண்ணீர் எடுக்க, சந்தைக்குப் போக, பிள்ளையைப் பள்ளியில் விட, யாரையும் எதிர்பார்க்காமல் கிளம்பினார்கள். உங்கள் மாமியார் வயதுப் பெண்கள் அவர்கள். ஏழை வண்டி என்று அவர் தயங்கினால், அந்தத் தயக்கத்தை மதித்து, பொறுமையாகப் பேசுங்கள். ஒரு காலத்தில் சைக்கிள்கூட வாங்க முடியாத வீட்டில் வளர்ந்தவராகவும் இருக்கலாம்.

வாங்கும்போது சீட்டை உங்கள் உயரத்துக்கு ஏற்றச் சொல்லுங்கள். பெடல் கீழே இருக்கையில் குதிகாலை வைத்தால் கால் நீண்டு நேராக வேண்டும். தாழ்ந்த சீட் முழங்காலைப் பழுதாக்கும். பின்சக்கரப் பூட்டு ஒன்று போதாது, சங்கிலிப் பூட்டும் வாங்கிக் கம்பியோடு கட்டுங்கள். ஆபீஸ் செக்யூரிட்டியிடம் முதல் நாளே பேசி நிழலான இடம் கேட்டு வையுங்கள்.

முதல் ஓட்டம் ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு, ஆபீஸ் போகிற அதே சேலையில், ஆபீஸ்வரைக்கும். சாலை காலியாக இருக்கும், பின் எங்கே குத்த வேண்டும், எந்தத் தெருவில் நாய் இருக்கிறது என்பதெல்லாம் அன்றே தெரிந்துவிடும். இரண்டு மூன்று ஞாயிறுகள் பழகியபின் பேகூர்வரை ஒரு நடை போய் வாருங்கள். ‘பெங்களூரு’ என்ற பெயர் பொறித்த சுமார் 890-ஆம் ஆண்டு நடுகல் கிடைத்த நாகேஸ்வரர் கோயில் அங்கேதான் இருக்கிறது. பேகூர் ரோடு குறுகல், காலை எட்டரைக்குள் வீடு திரும்பிவிடுங்கள்.