பட்டினி வேண்டா, சிறு குறிக்கோள் போதும்

புத்தாண்டு பிறந்ததும் உடல் இளைக்க வேண்டுமென்று சபதம் செய்வோர் நம்மிடையே பலர் உளர். சோற்றை அறவே நிறுத்துவோரும், பசியாறாமல் வேலைக்காட்டுக்குச் செல்வோரும், பட்டர்வொர்த் வட்டாரத்து இரவுச் சந்தைகளில் ‘இளைக்கும் காப்பி’யைத் தேடுவோரும் அவர்களுள் அடங்குவர். பெரும்பாலான சபதங்கள் பொங்கல் பானை பொங்குமுன்னரே கலைந்துவிடுகின்றன. பின்னர், ‘நமக்கு மனவுறுதி இல்லை’ என்ற வருத்தமே எஞ்சுகிறது. குறை மனவுறுதியில் இல்லை; மேற்கொண்ட குறிக்கோளில்தான் இருக்கிறது என்பது நம் கருத்து.

இளைக்கும் காப்பியைப் பற்றி ஒரு சொல். இத்தகைய பொருள்கள் சிலவற்றில் சிபுத்ரமின் என்னும் மருந்து மறைவாகக் கலக்கப்பட்டிருந்ததைச் சுகாதார அமைச்சின் சோதனைகள் காட்டியுள்ளன. இதயத்துக்குக் கேடு விளைவிப்பதால் 2010ஆம் ஆண்டிலேயே சந்தையிலிருந்து நீக்கப்பட்ட மருந்து அது.

பால்மரத் தொழிலாளிக்குப் பட்டினி வேறொரு வகையிலும் ஆபத்தானது. விடியுமுன் எழுந்து, நிரை நிரையாக மரம் வெட்டி, பின்னர் பால் வாளியைச் சுமப்பவரின் உடல் உணவைக் கேட்கும். அவர் நீரிழிவு நோயாளியாக இருந்து, மாத்திரையை விழுங்கிவிட்டு உணவை விட்டாரெனில், சிலவகை மாத்திரைகள் இரத்தச் சர்க்கரையை அளவுக்கு மீறித் தாழ்த்திவிடும். கை நடுங்கும், குளிர்ந்த வியர்வை கொட்டும், கண் இருளும். அடுத்த நிரையில் இருப்பவருக்குக்கூடத் தெரியாமல் அவர் மரத்தடியில் விழுந்து கிடக்க நேரலாம். ஆகவே, நீரிழிவு மாத்திரை உண்போர் மருத்துவரைக் கேளாமல் உணவைக் குறைத்தல் கூடாது. சட்டைப் பையில் சிறிது சர்க்கரையோ மிட்டாயோ இருத்தல் நன்று. நடுக்கம் கண்டவுடன் மூன்று சிறு கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்துப் பருக வேண்டும்.

நீரிழிவு நம்மை எவ்வளவு நெருங்கியுள்ளது என்பதை நாடு தழுவிய சுகாதார ஆய்வு கூறுகிறது. 2023ஆம் ஆண்டுக் கணக்கின்படி மலேசியாவில் வயது வந்தோரில் ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவருக்கு அந்நோய் உண்டு. இந்திய வம்சாவளியினரிடம் அது மிகுதியாகவே காணப்படுகிறது. அதைத் தவிர்க்க உடல் மெலிந்தே ஆகவேண்டுமா? இவ்வினாவுக்குச் சென்னையிலிருந்து ஒரு நல்ல விடை கிடைத்துள்ளது.

மருத்துவர் ஏ. இராமச்சந்திரனும் அவர்தம் குழுவினரும் நடத்திய அவ்வாய்வின் முடிவு 2006ஆம் ஆண்டில் வெளியாயிற்று. நீரிழிவின் வாயிற்படியில் நின்ற 531 பேர் நான்கு பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவினருக்கு வழக்கமான அறிவுரை மட்டுமே. மற்றொரு பிரிவினரிடம் சர்க்கரையையும் கொழுப்பையும் குறைக்கவும், நார்ச்சத்துள்ள உணவைச் சேர்க்கவும், நாள்தோறும் அரைமணி நேரம் விரைந்து நடக்கவும் கூறினர். ஏற்கெனவே கடின உடலுழைப்புச் செய்தோரிடம், ‘இப்படியே தொடருங்கள்’ என்றனர். கூடுதலாக ஏதும் கேட்கவில்லை. மூன்றாண்டுக் கணக்கில், முதற்பிரிவினரில் நூற்றுக்கு 55 பேருக்கு நீரிழிவு கண்டது. பழக்கத்தை மாற்றிய பிரிவினரில் 39 பேருக்கே கண்டது. வியப்பு யாதெனில், அப்பிரிவினரின் சராசரி எடை குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை! தராசின் முள் நகராதபோதும் நோய் ஒதுங்கி நின்றது.

எடை குறைவதால் பயனில்லை என்று நாம் கூறவில்லை. பருமனானவர்களுக்கு அதனால் நன்மை உண்டென்பதை 2002ஆம் ஆண்டில் வெளிவந்த அமெரிக்க ஆய்வு காட்டிற்று. ஆனால், அங்கும் வைத்த இலக்கு உடல் எடையில் 7 விழுக்காடே. அதாவது 70 கிலோ உள்ளவருக்கு 5 கிலோவுக்கும் குறைவு.

மரம் வெட்டுவோருக்கு உடற்பயிற்சி பெரும் குறையன்று. குறை பெரும்பாலும் தேநீர்க் குவளையில் இருக்கிறது. செபராங் பிறையில் இதற்கு ஒரு பழங்கதையும் உண்டு. ரப்பர் வருமுன்னர், பத்தொன்பதாம் நூற்றாண்டில், பத்து கவான், கலிடோனியா ஆகிய இடங்களில் கரும்புத் தோட்டங்களே இருந்தன. ஒப்பந்தக் கூலிகளாக வந்த நம் முன்னோர் வெட்டிய கரும்பு பிறருக்குச் சர்க்கரையாயிற்று. இன்று கரும்பு இல்லை. சர்க்கரை மட்டும் நம் குவளையில் தங்கிவிட்டது.

ஒரு நாளைக்கு நான்கு குவளைத் தேநீர் அருந்துபவர், ஒவ்வொன்றிலும் ஒரு சிறு கரண்டிச் சர்க்கரையைக் குறைத்தால், நாளொன்றுக்கு ஏறத்தாழ 20 கிராம் மிச்சம். ஆண்டு முடிவில் அது ஏழு கிலோவைத் தாண்டும்! கெட்டிப்பால் ஊற்றுவோர் அதன் எடையில் ஏறத்தாழப் பாதி சர்க்கரையே என்பதை மறவாதிருக்க வேண்டும். ஒரே நாளில் எல்லாவற்றையும் விட வேண்டுவதில்லை. சனவரியில் அரைக் கரண்டி, தைப்பூசம் கழிந்து இன்னும் அரைக் கரண்டி என்று குறைத்தால் நாக்கு தானே பழகிக்கொள்ளும்.

சோற்றுக்கும் இதே முறைதான். தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீனோ பருப்போ முட்டையோ, பாதி காய்கறியும் பழமும் என்பதே சுகாதார அமைச்சு கூறும் ‘சுக்கு சுக்கு செப்பாரு’. வீட்டுப் புறத்தில் முருங்கையும் பாகலும் வைத்திருப்போருக்கு இதில் செலவுமில்லை.

குறிக்கோள் ஒன்று போதும். அதுவும் அவரவர்க்குரியதாக இருக்க வேண்டும். உட்கார்ந்து வேலை செய்யும் காவலாளிக்கு அரைமணி நடை. நீரிழிவுள்ளவருக்கு நாள்தோறும் பாதங்களைப் பார்த்துப் புண்ணைக் கவனித்தல். இரவில் கண்விழிப்பவருக்கு ஒருமணி முன்னதாக உறக்கம். நாட்காட்டியில் குறியிட்டு வரலாம். ஒருநாள் தவறினால் மறுநாள் தொடரலாம். திருமண விருந்தில் ஒரு லட்டு உண்டதற்காக மூன்று நாள் பட்டினி கிடக்க வேண்டா.

அரசாங்கச் சுகாதார நிலையத்தில் குடிமக்களுக்கு வெளிநோயாளர் கட்டணம் ஒரு வெள்ளிதான். வெறும் வயிற்றுப் பரிசோதனைக்கு எட்டு மணி நேரம் உண்ணாதிருக்க வேண்டுமாதலால், மரம் வெட்டும் நாளை விடுத்து ஓய்வு நாளொன்றைத் தேர்ந்து செல்வது நன்று.