வெளிநாட்டுப் படிப்புக் கடன்: முதல் தவணையை எப்போது கட்டலாம்? பயனுள்ள குறிப்புகள் 26

பிள்ளையை விமானம் ஏற்றிவிட்டு வந்த வீடுகளில் அடுத்து எழும் கேள்வி, "கடனை எப்போதிலிருந்து கட்ட ஆரம்பிக்கலாம்?" என்பதுதான். வங்கி எழுதிக் கொடுத்திருப்பது, அதற்கு மேல் தள்ளிப்போடக் கூடாது என்கிற கடைசித் தேதி. அதற்கு முன்னால் கட்டத் தொடங்குவது நம் கையில் இருக்கிறது. உங்கள் வீட்டுக்கு எந்த மாதம் தோது என்று முடிவு செய்ய இதோ சில குறிப்புகள், தோழிகளே!

1. சாங்ஷன் லெட்டரை எடுத்து, தவணை தொடங்கும் தேதியைக் கோடிட்டு, சமையலறைக் காலண்டரிலும் குறித்துவிடுங்கள். இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரித் திட்டத்தில் படிப்புக் காலமும் அதற்குப் பின் 1 வருடமும் மாரடோரியம். ஸ்டேட் வங்கியின் குளோபல் எட்-வான்டேஜ் கடனிலோ படிப்பு முடிந்து 6 மாதம்தான். பக்கத்து வீட்டுக்குக் கிடைத்த அவகாசம் நமக்கும் இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள்.

2. மாரடோரியத்தில் தவணைக்குத்தான் லீவு, வட்டிக்குக் கிடையாது. பணம் கல்லூரிக்குப் போன நாளிலிருந்தே வட்டி ஓடுவதால், ஒவ்வொரு செமஸ்டருக்கும் கட்டணக் கெடுவுக்குச் சில நாள் முன்னால் அந்தத் தொகையை மட்டும் விடுவிக்கச் சொல்லுங்கள்.

3. கணக்கைப் போட்டுப் பார்த்தால் மனசு தெளிவாகும். 20 லட்சம் ரூபாயை ஒரே தடவையில் 10 சதவீத வட்டிக்கு வாங்கி, 3 வருடம் எதுவும் கட்டாமல் விட்டால் 6 லட்சம் வட்டி சேர்ந்து கடன் 26 லட்சமாகும். 10 வருடத் தவணை மாதம் 26,430-க்குப் பதில் 34,359 ரூபாயாக ஏறிவிடும்.

4. அதே கடனுக்கு மாதாமாதம் வட்டி 16,667 ரூபாயைக் கட்டிவந்தால், 3 வருடத்தில் நம் கையிலிருந்து போவது 6 லட்சம். பின்னால் தவணைகளில் மிச்சமாவது சுமார் 9.5 லட்சம். வீட்டு வருமானம் இடம் கொடுத்தால் முதல் மாதத்திலிருந்தே வட்டி கட்டுவதுதான் ஆதாயம்.

5. முழு வட்டி கட்ட முடியவில்லையா? மாதம் 5,000 ரூபாய் கட்டினாலும் 3 வருடத்தில் 1.8 லட்சம் குறைந்து, பிற்காலத் தவணை மாதத்துக்கு 2,379 ரூபாய் இறங்கும். 10 வருடத்தில் அது சுமார் 2.85 லட்சம் ரூபாய்.

6. படிக்கும் காலத்தில் வட்டியை ஒழுங்காகக் கட்டினால் 1 சதவீத வட்டிச் சலுகை தர மாதிரித் திட்டத்தில் இடம் இருக்கிறது. உங்கள் வங்கியில் அது உண்டா, ஒரு மாதம் தவறினாலும் போய்விடுமா என்பதை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

7. வங்கி அல்லாத நிதி நிறுவனங்களில் வாங்கும் கடன்களில் பல, முதல் மாதத்திலிருந்தே வட்டியையோ அதில் ஒரு பகுதியையோ கேட்கும். அங்கே வாங்குபவர்கள் "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று இராமல், அந்தத் தொகையை மளிகை, பால் கணக்கோடு சேர்த்து இப்போதே ஒதுக்கிவிட வேண்டும்.

8. வங்கிக் கடனுக்கு முன்பணமாக வெளியில் கைமாற்று வாங்கியிருந்தால் அதைத்தான் முதலில் அடைக்க வேண்டும். நூற்றுக்கு 2 ரூபாய் வட்டி என்பது வருடத்துக்கு 24 சதவீதம். வங்கியின் 10 சதவீதம் கொஞ்சம் காத்திருக்கலாம். நகைக்கடன் இருந்தால் அதன் வட்டியையும் ஒப்பிட்டு, எது அதிகமோ அதை முன்னால் முடியுங்கள்.

9. கையிருப்பை எல்லாம் வழித்துக் கடனில் போட்டுவிடாதீர்கள். மூன்று மாதத் தவணையும், பிள்ளை அவசரமாக ஊர் வந்து போக டிக்கெட் பணமும் ஒரு எஃப்.டி.யில் இருக்கட்டும், அதற்கு மேல் மிஞ்சுவதுதான் கடனுக்கு. இந்த இருப்பு சேரும் வரை குறைந்தபட்ச வட்டியை மட்டும் கட்டினால் போதும், தவறில்லை.

10. வீட்டுக்காரர் ஓய்வு பெறும் வருடத்தையும் தவணை தொடங்கும் வருடத்தையும் ஒரே தாளில் எழுதிப் பாருங்கள். இரண்டும் அருகருகே வந்தால், சம்பளம் வரும் இப்போதே வட்டியைக் கட்டத் தொடங்குவது நல்லது. பி.எஃப். பணத்தை எடுத்துக் கடனில் போடுவதைக் கடைசி வழியாக வையுங்கள். பிள்ளைக்கு இன்னும் சம்பாதிக்கும் வயது இருக்கிறது, நமக்கு இல்லை.

11. பிள்ளை பகுதி நேர வேலையில் வட்டியில் பாதி கட்டினாலே பெரிய உதவி. ஆனால் அமெரிக்காவில் வகுப்புகள் நடக்கும்போது வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம், கனடாவில் வளாகத்துக்கு வெளியே வாரம் 24, ஆஸ்திரேலியாவில் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம் என்று எல்லை இருக்கிறது. வட்டிக்காக அதைத் தாண்டி விசாவுக்கு ஆபத்து தேடிக்கொள்ள வேண்டாம் என்று நாமே சொல்லிவிடுவோம்.

12. படிப்பு முடிந்ததும் அந்த நாடு வேலைக்குத் தரும் காலத்தைத் தவணைக் கணக்கில் சேருங்கள். அமெரிக்காவில் ஓ.பி.டி. என்கிற வேலை அனுமதி 12 மாதம், அறிவியல், தொழில்நுட்பப் படிப்புகளுக்கு மேலும் 24 மாதம். ஜெர்மனியில் வேலை தேட 18 மாதம். பிரிட்டனில் இளநிலை, முதுநிலை முடித்தவர்களுக்கு 2 வருடம், 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பித்தால் 18 மாதம். சம்பளம் உறுதியாக இருக்கும் அந்தக் காலத்தில்தான் அதிகமாகக் கட்டிக் குறைக்க வேண்டும்.

13. ஓ.பி.டி.யில் மொத்தம் 90 நாளுக்கு மேல் வேலையில்லாமல் இருக்கக் கூடாது என்பது விதி. அதனால் கடன் தவணையை நினைத்துப் பதறிக் கிடைத்த வேலையில் சேராமல், நிதானமாகத் தேடப் பிள்ளைக்கு மூன்று மாதச் செலவுப் பணம் தனியாக இருக்கட்டும்.

14. முதல் இரண்டு சம்பளம் வீட்டு அட்வான்ஸ், குளிருக்குத் துணி, பாத்திரம் பண்டம் என்று போய்விடும். மாரடோரியம் மிச்சம் இருந்தால் மூன்றாம் சம்பளத்திலிருந்து கட்டுவதாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் மாதமே முழுத் தவணை கேட்டால் பிள்ளை அங்கே கிரெடிட் கார்டில் கடன் வாங்க நேரிடும்.

15. அமெரிக்காவில் எஃப்-1 விசாவில் இருக்கும் மாணவர்களுக்கு முதல் 5 காலண்டர் வருடங்கள் வரை சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் பிடித்தம் இல்லை, ஓ.பி.டி. வேலைக்கும் இது பொருந்தும். சம்பளத்தில் 7.65 சதவீதம் கையில் நிற்கும். நிறுவனம் தவறிப் பிடித்திருக்கிறதா என்று சம்பளச் சீட்டைப் பார்த்து, மிச்சமானதை அப்படியே கடனுக்கு ஒதுக்கலாம்.

16. "ரூபாய் இன்னும் இறங்கட்டும், அப்போது டாலர் அனுப்பினால் லாபம்" என்று காத்திருக்க வேண்டாம். 2014-ல் சுமார் 61 ரூபாயாக இருந்த டாலர் 2024-ல் சுமார் 84. வருடத்துக்கு 3 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல்தான் ஏற்றம். கடன் வட்டியோ 10 சதவீதம் ஓடுகிறது.

17. பணம் அனுப்பும்போது "கட்டணம் இல்லை" என்ற விளம்பரத்தை விட்டுவிட்டு, 1,000 டாலருக்கு நம் கணக்கில் எத்தனை ரூபாய் வந்து சேரும் என்பதை மட்டும் இரண்டு மூன்று இடங்களில் ஒப்பிடுங்கள். அமெரிக்காவில் 2026 ஜனவரி முதல் ரொக்கம், மணி ஆர்டர் போன்றவை மூலம் வெளிநாட்டுக்கு அனுப்பும் பணத்துக்கு 1 சதவீத வரி உண்டு. வங்கிக் கணக்கிலிருந்து அனுப்பினால் அது கிடையாது.

18. பிள்ளை வெளிநாட்டில் தங்கியதும் இங்குள்ள சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ. ஆக மாற்ற வேண்டும். டாலர் அனுப்ப என்.ஆர்.இ. கணக்கு தொடங்கலாம். மாற்றிய கையோடு, தவணை பிடிக்கக் கொடுத்த மாண்டேட் புதிய கணக்கில் வேலை செய்கிறதா என்று பாருங்கள். கணக்கு மாறியதாலேயே முதல் தவணை திரும்பிவிட்டால் வீண் அபராதம்.

19. ஓ.டி.பி. வரும் இந்திய சிம் கார்டை ரீசார்ஜ் செய்யாமல் விட்டுவிட்டால் கடன் கணக்கைத் திறந்துகூடப் பார்க்க முடியாது. குறைந்த ரீசார்ஜில் அதை உயிரோடு வைத்து, மாதம் ஒருமுறை ஸ்டேட்மென்ட்டைப் பார்த்து, கட்டிய வட்டி வரவாகியிருக்கிறதா என்று டிக் அடியுங்கள்.

20. தவணைத் தேதியைச் சம்பள நாளுக்கு ஒரு வாரம் தள்ளி வைக்கச் சொல்லுங்கள். பணம் அங்கிருந்து வந்து சேர, நடுவில் சனி, ஞாயிறு, பண்டிகை விடுமுறை போக, அந்த இடைவெளி தேவைப்படும்.

21. மேலே சொன்ன 26 லட்சத்துக்கு 10 வருடம் என்றால் மாதம் 34,359 ரூபாய்; 15 வருடம் என்றால் 27,940. 15 வருடம் எழுதிக்கொண்டு, முடிகிற மாதமெல்லாம் 34,000-க்கு மேல் கட்டிவந்தால், கஷ்டமான மாதத்தில் குறைந்த தவணையோடு தப்பிக்கலாம். ஆனால் கூடுதலாகக் கட்டாமல் 15 வருடமும் ஓட்டினால் சுமார் 9 லட்சம் அதிகம் போகும். அந்தக் கட்டுப்பாடு வீட்டில் இருந்தால் மட்டும் இந்த வழி.

22. மாறும் வட்டியில் தனிநபர் வாங்கிய கடனை முன்கூட்டி அடைக்க அபராதம் வாங்கக் கூடாது என்று 2014-லேயே ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. அதனால் போனஸ், முடிந்த சீட்டுப் பணம் எதையும் தயங்காமல் போடலாம். 20 லட்சம் கடனுக்கு 26,430-க்குப் பதிலாக 30,000 கட்டினால் 10 வருடக் கடன் 22 மாதம் முன்னதாகவே முடியும்.

23. 2025-ல் ரெப்போ வட்டி 6.5-லிருந்து 5.25 சதவீதமாக இறங்கியது. ரெப்போவோடு இணைத்த கடனாக இருந்தால் உங்கள் வட்டியும் இறங்கியிருக்கிறதா என்று கேளுங்கள். இறங்கியிருந்தால் தவணையை அப்படியே வைத்து, வருடத்தைக் குறைக்கச் சொல்லுங்கள்.

24. 80இ என்று நாம் பழகிய வரிக்கழிவு, பழைய வரி முறையில் மட்டும், வட்டிக்கு மட்டும், கட்டத் தொடங்கிய வருடத்திலிருந்து 8 வருடங்களுக்குக் கிடைக்கும். தொகைக்கு உச்சவரம்பு இல்லை. கடன்தாரராக இருக்கும் பெற்றோர் தங்கள் வருமானத்திலிருந்து கட்டினால்தான் அவர்களுக்குப் பயன். 8 வருடம் வீணாகுமே என்று வட்டி கட்டுவதைத் தள்ளிப்போடாதீர்கள்: 100 ரூபாய் வட்டிக்கு அதிகம் போனால் 30 ரூபாய் அளவுதான் வரியில் திரும்பும்.

25. வேலை போய்விட்டாலோ கிடைக்கத் தாமதமானாலோ, தவணை தவறும் முன்பே வங்கிக்குக் கடிதம் கொடுங்கள். வேலையில்லாத காலத்துக்கு அவகாசம் தர மாதிரித் திட்டத்தில் வழி இருக்கிறது. பேசாமல் இருந்து நிலுவை 90 நாளைத் தாண்டினால் வாராக்கடன் பட்டியலுக்குப் போய், பிள்ளையோடு கையெழுத்துப் போட்ட நம் சிபில் ஸ்கோரும் சரியும். வெளிநாட்டுப் படிப்புக்கான மத்திய அரசின் 'பதோ பர்தேஷ்' வட்டி மானியம் 2022-23 முதல் நிறுத்தப்பட்டுவிட்டதால், அதை எதிர்பார்த்தும் காத்திருக்க வேண்டாம்.

26. கடைசித் தவணை கட்டியதும் 30 நாளுக்குள், அடமானம் வைத்த வீட்டுப் பத்திரத்தை வங்கி திருப்பித் தர வேண்டும். தன் தவறால் தாமதித்தால் நாளுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்பது 2023 டிசம்பர் முதல் உள்ள ரிசர்வ் வங்கி விதி. பத்திரத்தை ஒப்படைத்ததற்கான எம்.ஓ.டி. ஆவணத்தைப் பதிவு செய்திருந்தால் சார்பதிவாளர் அலுவலகத்தில் ரசீது ஆவணமும் பதிய வேண்டும். பிறகு வில்லங்கச் சான்று எடுத்து, அந்த ரசீது ஏறியிருப்பதைப் பார்த்துவிட்டால் கடன் முழுசாக முடிந்தது. அன்றைக்கு வீட்டில் பாயசம் வைத்துவிடுங்கள்!