பிரெஞ்சிந்தியத் தலைவர் வ. சுப்பையா

ஓர் அரசின் சட்டம் அவ்வரசு ஆளும் இடமெங்கும் ஒருபடித்தாய்ச் செல்லும் என்று எண்ணுதல் மாந்தர்க்கு இயல்பு. வரலாற்றை உற்று நோக்குவார்க்கோ, தலைநகரிற் பிறந்த நல்ல சட்டம் தானே கடல் கடந்து வருவதில்லை என்பதும், அதனை எடுத்து வருதற்கு ஆள் வேண்டும் என்பதும் தெற்றென விளங்கும். இவ்வுண்மைக்குத் தக்க சான்றாக நிற்பது, புதுச்சேரியிற் பிறந்து, ஆலைத் தொழிலாளர்க்காக உழைத்து, பின்னர்ப் பாரிசு மேலவையிலும் அமர்ந்த திரு. வ. சுப்பையா அவர்களின் வாழ்க்கை. பஞ்சும் நூலும் பனியனும் பிழைப்பாகக் கொண்ட நம் சேவூர், அவிநாசி, திருப்பூர் வட்டாரத்து மாணவர் இதனை அறிதல் மிகவும் பொருத்தமாம். ஆதலின் அதனை ஈண்டுச் சுருக்கமாக ஆராய்வோம்.

ஒரு கொடி, இரு நியாயம்

பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்த புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம், சந்திரநாகூர் ஆகிய ஐந்து ஊர்களும் சேர்ந்து பிரெஞ்சிந்தியா எனப்பட்டன. சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்னும் மூன்று சொற்களை அவ்வரசு தன் குறிக்கோளாகப் பறைசாற்றியது. பாரிசு மன்றங்களுக்குப் பிரதிநிதிகளை அனுப்பும் உரிமையும் இவ்வூர்களுக்கு இருந்தது. இவையெல்லாம் காகிதத்தில் அழகாகவே இருந்தன.

புதுச்சேரியில் சவானா, ரோடியர், கெப்ளே என மூன்று பஞ்சாலைகள் நடைபெற்று வந்தன. பிரான்சு நாட்டில் எட்டு மணி நேர வேலைச் சட்டம் 1919-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்திலேயே நிறைவேறிற்று. அவ்வாண்டே கூடிய சர்வதேசத் தொழில் மாநாடும் வாரத்திற்கு 48 மணி என்று வரையறை செய்தது. பிரிட்டிஷ் இந்தியாவிற்கோ 60 மணி என விலக்களித்தது. ஆனால், பிரெஞ்சுக் கொடியின் கீழேயே நூல் நூற்ற புதுச்சேரித் தமிழர்க்குப் பிரான்சின் எட்டு மணிச் சட்டம் எட்டவில்லை. சங்கம் அமைத்துக் கொள்ளும் உரிமையும் அவர்க்கு மறுக்கப்பட்டது. பறந்த கொடி ஒன்று. வழங்கிய நியாயம் இரண்டு.

இளமையும் தொண்டும்

சுப்பையா அவர்கள் 1911-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 7-ஆம் நாள் புதுச்சேரியிற் பிறந்தார். இளமையிலேயே பொதுத் தொண்டில் ஈடுபட்டு, இளைஞரைத் திரட்டுதலிலும் தாழ்த்தப்பட்டோர்க்குப் பணி செய்தலிலும் நாட்டம் செலுத்தினார். 1934-ஆம் ஆண்டு பிப்ரவரி 17-ஆம் நாள் காந்தியடிகள் புதுச்சேரிக்கு எழுந்தருளியதில் இவருடைய முயற்சிக்குப் பெரும் பங்குண்டு. அவ்வாண்டே ‘சுதந்திரம்’ என்னும் இதழைத் தொடங்கினார். அப்பொழுது அவர்க்கு வயது இருபத்து மூன்று.

பத்திரிகை நடத்தப் புகுந்தவர் ஆலை வாயிலை அடைந்தது வியப்பன்று. ஊரின் துயரை எழுத முற்பட்டவர்க்கு, அத்துயரின் பெரும்பகுதி ஆலைச் சுவர்களுக்குள்ளேயே அடைபட்டுக் கிடப்பது தெரியாமற் போகுமோ? 1935-இல் சவானா ஆலையில் நிகழ்ந்த வேலை நிறுத்தம் முதற்கொண்டு, தொழிலாளர் இவரைத் தம் தலைவராகக் கொண்டனர்.

பாரிசில் வெற்றி, புதுவையில் குருதி

இனி, அந்நாளில் பிரான்சில் நிகழ்ந்தது யாதெனக் காண்போம். 1936-ஆம் ஆண்டு ஜூன் 4-ஆம் நாள் லெயோன் புளூம் என்பார் பிரதம மந்திரியானார். 1872-இற் பிறந்த இவர் சட்டமும் இலக்கியமும் வல்லவர். சோஷலிஸ்டுக் கட்சியின் தலைவர். இடதுசாரிக் கட்சிகள் ஒன்றுகூடிய மக்கள் முன்னணியே இவரை அரியணை ஏற்றியது. அம்மாதத்திற்குள்ளாகவே வாரத்திற்கு நாற்பது மணி வேலை எனவும், ஆண்டுக்கு இரண்டு வாரம் ஊதியத்துடன் விடுமுறை எனவும் சட்டங்கள் பிறந்தன. பிரான்சின் தொழிலாளர் மகிழ்ந்து கொண்டாடினர்.

அவ்வாட்சி அமைந்து இரண்டு திங்களும் நிறையவில்லை. புதுச்சேரி ஆலைத் தொழிலாளர் எட்டு மணி வேலையும் சங்க உரிமையும் வேண்டிப் போராடி நின்றனர். ஜூலை 30-ஆம் நாள் சவானா ஆலைத் தொழிலாளர்மீது துப்பாக்கிப் பிரயோகம் நடந்தது. பன்னிருவர் மாண்டனர், பலர் காயமுற்றனர். தொழிலாளர் நண்பராகிய ஒருவர் தலைநகரில் ஆட்சிபுரியும் நாளிலேயே, அங்குள்ளோர் முன்னமே பெற்றுவிட்ட உரிமையைக் கேட்டவர் இங்கே உயிர் துறந்தனர். நல்லவர் ஆளுதல் ஒன்று. அவர் நன்மை கடைகோடி வரை வந்து சேர்தல் மற்றொன்று என்பதனை இதனினும் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சி வேறு வேண்டுமோ?

சுப்பையா அவர்கள் துயரத்தோடு அமைந்துவிடவில்லை. 1937-ஆம் ஆண்டின் தொடக்கத்திற் கப்பலேறிப் பாரிசு சென்றார். குடியேற்ற நாடுகளின் அமைச்சராகிய மரியுஸ் மூத்தே என்பாரைக் கண்டு, தொழிலாளர் கோரிக்கைகளை நேரில் எடுத்துரைத்தார். 1937-ஆம் ஆண்டு ஏப்ரல் 6-ஆம் நாள் பிரெஞ்சிந்தியத் தொழிலாளர்க்கென ஆணை பிறந்தது. எட்டு மணி நேர வேலையும் சங்கம் அமைக்கும் உரிமையும் அதனாற் கிடைத்தன. பிரிட்டிஷ் இந்தியாவில் 1934-ஆம் ஆண்டுச் சட்டம் ஆண்டு முழுதும் ஓடும் ஆலைகளுக்கு வாரம் 54 மணி என விதித்திருந்தது. அது 48 மணியாகக் குறைந்தது 1946-ஆம் ஆண்டின் திருத்தத்தாலேயாம். இவ்வகையில் சின்னஞ்சிறு புதுச்சேரி, பேரிந்தியாவிற்கு ஒன்பது ஆண்டு முந்திக்கொண்டது.

பதவியும் இடரும்

ஆணை வந்தமையால் இடர் நீங்கிவிடவில்லை. சிறைவாசமும் ஊரினின்று வெளியேற்றப்படுதலும் இவரைத் தொடர்ந்து வந்தன. ஆயினும் 1946-இல் நடந்த பிரதிநிதி சபைத் தேர்தலில் இவர் சார்ந்த தேசிய ஜனநாயக முன்னணி பெருவெற்றி பெற்றது. 1947-இல் பிரெஞ்சுக் குடியரசின் மேலவைக்கு உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப் பெற்று, 1948 வரை அப்பதவியில் இருந்தார். மனுவோடு பாரிசு சென்றவர், பத்தாண்டு கழித்து ஆங்கு அவை உறுப்பினராய் அமர்ந்தார்.

ஒருவர் வாழ்வை ஆராயுங்கால் புகழ்ச்சி மட்டும் போதாது. விடுதலையின் தொடக்க நாட்களில் இவருடைய பொதுவுடைமைக் கட்சி, பிரெஞ்சு யூனியனுக்குள் தன்னாட்சி என்னும் நிலையை மேற்கொண்டது. பின்னரே இந்தியாவுடன் இணைதலை வற்புறுத்திற்று. இதுபற்றி அன்று எழுந்த குறைகூறலை மறைத்தல் முறையன்று. எனினும் இணைப்புப் போராட்டத்தில் இவர் பின்வாங்கியவரல்லர். 1950-இல் இவருடைய இல்லம் தீக்கிரையாயிற்று. கொண்ட கொள்கையோ தீக்கு இரையாகவில்லை. 1954-ஆம் ஆண்டு அக்டோபர் 18-ஆம் நாள் கீழூரில் கூடிய 178 பிரதிநிதிகளுள் 170 பேர் இணைப்பிற்கு இசைந்தனர். நவம்பர் முதல் நாள் ஆட்சி கைம்மாறியது. பின்னர் 1969-இல் அமைந்த கூட்டு அமைச்சரவையில் சுப்பையா அவர்கள் அமைச்சராகவும் பணியாற்றினார். 1993-ஆம் ஆண்டு அக்டோபர் 12-ஆம் நாள் இயற்கை எய்தினார்.

புளூம் அவர்களோ, போர்க்காலத்திற் சிறைப்பட்டு, 1943-இல் ஜெர்மனியின் புஹன்வால்டு முகாமிற்குக் கொண்டு செல்லப்பட்டு, 1945-இல் உயிர் மீண்டு, 1950-இல் மறைந்தார். இருவரும் வெவ்வேறு நாட்டினர். எட்டு மணி என்னும் ஒரே நூலில் இருவர் பெயரும் கோக்கப்பட்டுள்ளன.

நாம் அறியத்தக்கன

இவ்வரலாற்றால் நாம் அறியத்தக்கன இரண்டு. முதலாவது, உரிமையைக் கேட்போர் ஒன்றுகூடாவிடின் சட்டம் ஏட்டளவில் உறங்கும். 1984-இல் நம் திருப்பூர்ப் பனியன் தொழிலாளர் பஞ்சப்படி வேண்டி 127 நாள் வேலை நிறுத்தம் செய்து நின்றதும் இதனையே உணர்த்தும். இரண்டாவது, கற்றவர் தம் கல்வியைக் கல்லாதார் குரலாக ஆக்குதல் வேண்டும். ஆலைத் தொழிலாளர் துயரைப் பாரிசு அமைச்சர்க்கு விளங்கும்படி எடுத்துரைத்தற்குச் சுப்பையா அவர்கள் பெற்ற கல்வியே துணை நின்றது.

நம் ஊர்களில் ஷிப்டு என்னும் சொல்லை அறியாத குழந்தையும் இல்லை. ஒரு ஷிப்டு எட்டு மணி. ஒன்றரை ஷிப்டு பன்னிரண்டு மணி. நம்முள் பலருடைய கல்லூரிக் கட்டணம் அந்த அரை ஷிப்டிலிருந்தே வருகின்றது. பெற்றோரும் உடன்பிறந்தாரும் தையற் பொறியின்முன் கூடுதலாக அமர்ந்த மணி நேரங்களே நம் கையில் புத்தகமாக இருக்கின்றன. எட்டு மணி என்னும் எல்லை யார் கொடையுமன்று. பன்னிரு உயிரும் ஒரு நெடும் பயணமும் கொடுத்துப் பெற்றது. அவ்வெல்லை எவ்வாறு வந்தது, எவ்வாறு தேய்கின்றது, அதனைக் காப்பதற்குச் சட்டம் யாது கூறுகின்றது என்பவற்றைக் கற்றறிந்து, கேட்போர்க்கு எடுத்துச் சொல்லுதல் மாணவராகிய நம் கடன். சவானா ஆலையின் சக்கரங்கள் இன்று ஓய்ந்துவிட்டன. ஆயினும் ஆண்டுதோறும் ஜூலை 30-ஆம் நாள் புதுச்சேரித் தொழிலாளர் அப்பன்னிருவரையும் நினைந்து வணங்குகின்றனர். அவ்வணக்கத்தில் நாமும் கலந்துகொள்வோமாக.